இப்படி எழுதக் கூடாது

பிறர் எழுதிவைத்த விளக்கத்தைத் திருத்துவது என் தொழில். இதில் எழுதியவருக்குப் பேர், திருத்தியவளுக்குத் திட்டு.

புது வாஷிங் மெஷினோடு வந்த கையேட்டைப் பிரித்து, இரண்டு பக்கம் புரட்டி, கடுப்பாகி, அட்டைப்பெட்டிக்குள்ளேயே திரும்பப் போட்டவர்களா நீங்கள்? வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி. அந்தக் கையேடுகளைத் தயாரிக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதை மட்டும் மன்னித்துவிடுங்கள்.

ஆவடியில் ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் கொஞ்சம் நடந்தால் எங்கள் கம்பெனி. பாக்கெட் போடுகிற, சீல் வைக்கிற மிஷின்களை இயக்கும் கண்ட்ரோலர் செய்கிறோம். அதற்கு வேலை சொல்வதற்கென்று எங்கள் கம்பெனியே உருவாக்கிய குட்டி கம்ப்யூட்டர் மொழி ஒன்று உண்டு. காத்திரு, எண்ணு, மணி அடி என்று அடிக்கடி தேவைப்படும் வேலைகளையெல்லாம் முன்கூட்டியே ஃபங்ஷன்களாக எழுதி, அந்த மொழியோடு சேர்த்தே கொடுத்துவிடுவோம். அதன் பெயர் ஸ்டாண்டர்ட் லைப்ரரி. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் எங்கள் வெப்சைட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கங்களில் உள்ள தப்பையும் குழப்பத்தையும் சரிசெய்யத்தான் எனக்குச் சம்பளம். அங்கே எல்லாம் ஆங்கிலத்தில். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

லைப்ரரியை எழுதியவர் சம்பத் சார். மகா மூளைக்காரர். ஒரு வாக்கியத்தில் ஆறு வார்த்தைக்கு மேல் போனால் பாவம் என்று நினைப்பவர். வாடிக்கையாளர்களின் போனை எடுப்பவன் உமாபதி. அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்த பையன். ஊரெல்லாம் திட்டுவதை வாங்கி, ஒரு சொல் குறையாமல் என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பான்.

மூன்று என்றால் எவ்வளவு?

'காத்திரு' ஃபங்ஷனின் பக்கத்தில் சம்பத் சார் எழுதியிருந்தது ஒரே வரி: "கொடுத்த நேரம் காத்திருக்கும்." நேரம் என்றால் நிமிடமா, வினாடியா, வினாடியை ஆயிரமாக நறுக்கினால் வரும் மில்லி செகண்டா? சொல்லவில்லை. போய்க் கேட்டேன். "மில்லி செகண்ட்தான். உலகத்துக்கே தெரியுமே" என்றார். சரி, தெரியட்டும். இதே மனிதர் எழுதிய 'மணி அடி' மட்டும் வினாடியில் கணக்குப் போடுகிறது. அது ஏன் என்று உலகத்தில் யாருக்காவது தெரியுமா? அவருக்கே தெரியவில்லை.

அன்று உமாபதி போனை என் கையில் திணித்துவிட்டு டீ குடிக்க ஓடிவிட்டான். எதிர்முனையில் பூந்தமல்லியில் மசாலாப் பொடி பாக்கெட் போடுகிற ஒரு பெரியவர். மூன்று வினாடி நிற்கட்டும் என்று 3 போட்டிருக்கிறார். பொடி விழுந்து முடிவதற்குள் மிஷின் பாக்கெட்டின் வாயை மூடிவிட்டது. ஷெட் முழுக்க மிளகாய்த்தூள். இரண்டு தும்மலுக்கு நடுவே மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்: "ஏம்மா, உங்க ஆபீஸ்ல மூணுன்னா எவ்ளோமா?"

அதிரசம்

'வரிசை' என்ற ஃபங்ஷனுக்கு ஒன்று, பத்து என்று இரண்டு எண் கொடுத்தால் ஒன்பதோடு நின்றுவிடும். கடைசி எண் சேராது. பல கம்ப்யூட்டர் மொழிகளில் இது வழக்கம்தான். எனக்கு அதில் சண்டையில்லை. ஆனால் அதைச் சொல்லித் தொலைக்க வேண்டாமா? "கடைசி எண் சேராது" என்று நான் சேர்த்தேன். அடுத்த வெளியீட்டில் அந்த வரியைக் காணோம். தெரிந்ததையே எழுதி இடத்தை அடைக்க வேண்டாம் என்று சம்பத் சார் தூக்கிவிட்டாராம். வெப்சைட்டில் இடத்துக்கு என்ன பஞ்சம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

திருமழிசையில் ஒரு பலகாரக்காரர் அட்டைப்பெட்டியில் அதிரசம் அடுக்குகிற மிஷினுக்கு இதை நம்பி ப்ரோகிராம் எழுதியிருந்தார். நூற்றுக்கணக்கான பெட்டிகள் கடைகளுக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. எங்களைக் கூப்பிட்டுக் கத்தவில்லை, நிதானமாக ஒரு யோசனைதான் கேட்டார்: "பொட்டி மேல பத்துன்னு அச்சடிச்சி வெச்சிகீறேன் மேடம். ஒம்போதுதான் கீதுன்னு சண்டைக்கு வர்றவன்கிட்ட உங்க நம்பர குடுத்துடட்டா?"

கேரட்

இதுவரை மிளகாய்த்தூளும் அதிரசமும். சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்தது மனிதர்களின் விரல்.

சிறிய சீலிங் மிஷின்களில் சூடான இரண்டு இரும்புப் பட்டைகள் இருக்கும். நடுவில் பாக்கெட்டைக் கையால் வைக்க வேண்டும். கை உள்ளே இருக்கிறதா என்று ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். கை வெளியே வந்ததும் பட்டைகள் மூடிச் சீல் வைக்கும். இதற்காக எங்கள் லைப்ரரியில் இருக்கும் ஃபங்ஷனின் பெயர் 'விலகும்வரை காத்திரு'. "தடை விலகும்வரை காத்திருக்கும், அதிகபட்சம் கொடுத்த நேரம்" என்று பக்கத்தில் இருந்தது. சரி, அந்த அதிகபட்ச நேரம் முடிந்தும் கை உள்ளேயே இருந்தால்? அதைப் பற்றி மூச்சே இல்லை.

ஆபீசில் சோதனைக்கென்று வைத்திருக்கும் மிஷினில் ஐந்து வினாடி நேரம் கொடுத்துவிட்டு, மத்தியானம் தின்னக் கொண்டுவந்திருந்த கேரட் ஒன்றைப் பட்டைகளுக்கு நடுவே வைத்தேன். ஐந்து வினாடி பொறுமையாக இருந்தது. பிறகு மூடிக்கொண்டது. திறந்தபோது கேரட் சப்பையாகி, ஓரமெல்லாம் கருகியிருந்தது.

அதை ஒரு பேப்பரில் வைத்து சம்பத் சார் மேசைக்குக் கொண்டுபோனேன். அவர் பதறவில்லை, விளக்கினார். நேரம் முடிந்தால் அந்த ஃபங்ஷன் 'விலகவில்லை' என்று ஒரு பதில் கொடுக்குமாம். ப்ரோகிராம் எழுதுபவர் அந்தப் பதிலைச் சோதித்து மிஷினை நிறுத்த வேண்டுமாம். சோதிக்காவிட்டால், ப்ரோகிராம் தன்பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்ப் பட்டைகளை மூடிவிடும். அப்படி ஒரு பதில் வரும் என்பதையே பக்கத்தில் சொல்லவில்லையே சார் என்றேன். கேரட்டை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "கேரட்டுக்குப் பதிலைப் பாக்கத் தெரியாதும்மா. ப்ரோகிராம் எழுதறவனுக்குத் தெரியணும்."

ஒரு வாக்கியம் பட்ட பாடு

நான் சேர்க்க நினைத்தது ஒரே ஒரு வாக்கியம்: "நேரம் முடிந்தும் கை உள்ளே இருந்தால் மிஷின் தானாக நிற்காது, பதிலைச் சோதித்து நீங்கள்தான் நிறுத்த வேண்டும்." இதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் முதல் கேள்வியே "ப்ரோகிராமில் மாற்றம் உண்டா?" என்பதுதான். இல்லை, விளக்கத்தில் மட்டும்தான் மாற்றம் என்று போட்டால் விண்ணப்பம் வரிசையின் வாலுக்குப் போய்விடும். சாப்பாட்டு ரூம் ஃபேன் சத்தம் போடுகிறது என்ற புகாருக்கும் பின்னால். ஃபேனைச் சரிசெய்துவிட்டார்கள். என் வாக்கியம் அங்கேயே கிடந்தது. தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன், தினமும் அதே இடத்தில் இருக்கும்.

மூன்றாவது வாரம் அது சம்பத் சாரிடம் போய்ச் சேர்ந்தது. நீளம் அதிகம் என்று சுருக்கி அனுமதித்துவிட்டார். வெப்சைட்டில் வந்தது இது: "நேர எல்லை கடந்தால் பொய் மதிப்பு." அவருடைய பாஷையில் இதற்கு அர்த்தம் உண்டு; அந்த 'விலகவில்லை' என்ற பதிலைத்தான் பொய் மதிப்பு என்கிறார். ஷெட்டில் நின்று வேலை செய்கிறவருக்கு உண்டா? உமாபதியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். இரண்டு தடவை படித்தான். "இன்னாக்கா இது, நேரம் போனா மதிப்பு பொய்யாப் பூடும்னு ஜோசியக்காரன் சொல்ற மாதிரி கீது?"

மொட்டை மாடி யோசனை

என் கணவருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை, அதனால் குவார்ட்டர்ஸ் வாசம். எதிர் வீட்டு வசந்தா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்; அதே தொழிற்சாலையில், செய்து வரும் பாகங்கள் சரியா தப்பா என்று சோதிக்கும் பிரிவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது இந்தப் புலம்பலையெல்லாம் அவரிடம் கொட்டினேன். கேரட் கதைக்கு மட்டும் "அய்யய்யோ" என்றார்.

அவர்கள் பிரிவில் யாரும் வாக்கியம் எழுதிக்கொண்டிருப்பதில்லையாம். சரியான பாகம் ஒன்று, தப்பான பாகம் ஒன்று, இரண்டையும் ஒரே பலகையில் மாட்டிவிடுவார்களாம். கேட்டதும் எனக்கு அப்படியே விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. இத்தனை நாள் இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். வசந்தா கிளிப்பை வாயில் கவ்வியபடியே சொன்னார்: "எழுத்த யாரு வாசிக்கா அக்கா? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டிப் போடுங்க, பாத்த ஒடனே வெளங்கிரும்லா."

முதல் பெட்டி

மாட்டினேன். 'விலகும்வரை காத்திரு' பக்கத்தில் இரண்டு பெட்டி. முதல் பெட்டியில், பதிலைச் சோதிக்காமல் நேராகப் பட்டைகளை மூடும் மூன்று வரி ப்ரோகிராம்; அதன் தலையில் "இப்படி எழுதக் கூடாது". இரண்டாவது பெட்டியில், பதிலைச் சோதித்து, கை உள்ளே இருந்தால் மிஷினை நிறுத்தி மணி அடிக்கும் ப்ரோகிராம். அதன் தலையில் "இப்படி எழுத வேண்டும்". ப்ரோகிராம் வரிகள் இருந்ததாலோ என்னவோ, சம்பத் சார் அன்றைக்கே அனுமதித்துவிட்டார். "இப்பத்தான் பக்கம் பாக்க லட்சணமா இருக்கு" என்று பாராட்டு வேறு. அந்த வாரம் முழுக்க நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை, உமாபதி முகம் வெளுத்துப் போய் வந்தான். "அக்கா, வெள்ளானூர் ஏழுமலை. மிஷின் கையோட மூடிக்கிச்சாம்." ஏழுமலையின் குடும்பம் அங்கே பல தலைமுறையாக நெல் போட்டது. நிலத்தில் பாதி வீட்டுமனையாகிவிட, மிச்ச இடத்தில் ஷெட் போட்டு வேர்க்கடலை பாக்கெட் போடுகிறார். ப்ரோகிராம் அவரே எழுதுவார். மிஷினில் நிற்பது அவர் மனைவி கோமளா. போனை வாங்கினேன். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் ஏழுமலை. பாக்கெட் மாட்டிக்கொண்டதை இழுத்துக்கொண்டிருந்தாராம் கோமளா. அதற்குள் நேரம் முடிந்து பட்டைகள் மூடியிருக்கின்றன. போட்டிருந்தது ஏழுமலையின் கிளவுஸ், கோமளாவின் கைக்குப் பெரிது. நுனி மட்டும் மாட்டி உருகிவிட்டது.

ப்ரோகிராமைப் படிக்கச் சொன்னேன். படித்தார். ஒரு எழுத்து மாறாமல் என் முதல் பெட்டி. மேலே 'இப்படி எழுதக் கூடாது' என்று பெரிதாகப் போட்டிருக்கிறேனே என்றேன். ஏழுமலை கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கொடுமை. "மேல இன்னா கீதுன்னு யாரு மேடம் பாத்தா? பொட்டிக்குப் பக்கத்துல காப்பின்னு ஒரு பட்டன் வெச்சிகீறீங்க, அத்த அமுக்குனேன்."

வெள்ளானூர்

உண்மைதான். எங்கள் வெப்சைட்டில் ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் தானாகவே ஒரு பட்டன் வந்துவிடும். அமுக்கினால் உள்ளே இருப்பது அப்படியே நகலாகும். 'கூடாது' என்று நான் சொன்ன பெட்டிக்கும் அதே பட்டன். தொழிற்சாலைப் பலகையில் மாட்டிய தப்பான பாகத்தை யாரும் கழற்றி எதிலும் பொருத்த மாட்டார்கள். நானோ தப்பைச் செய்து, துடைத்து, கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதுவும் பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படுகிற முதல் பெட்டியாக.

அப்போதே உமாபதியின் பைக்கில் வெள்ளானூருக்குப் போனோம். முதல் காரியமாக மிஷினை நிறுத்தி ப்ரோகிராமை மாற்றினேன். நானே ஒரு குச்சியை நடுவில் நீட்டினேன். மிஷின் மூடாமல் நின்று மணி அடித்தது. இன்னும் நான்கு தடவை நீட்டிப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஏழுமலை மோர் கொண்டுவந்து கொடுத்தார். என்னால் குடிக்க முடியவில்லை.

கோமளா அந்த கிளவுஸைக் கொண்டுவந்து காட்டினார். ஆள்காட்டி விரல் நுனி உருகித் தட்டையாக ஒட்டிப்போயிருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள், அந்தப் பெட்டியை எழுதியது நான்தான் என்று சொன்னேன். எப்படி எழுதக் கூடாது என்று காட்டுவதற்காகத்தான் அதைப் போட்டேன் என்றும் சொன்னேன். சொல்லும்போதே எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று தெரிந்தது. கோமளா முழுக்கக் கேட்டுக்கொண்டார். கிளவுஸை என் கையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "கூடாதுன்னு தெரியுதில்ல? தெரிஞ்சிகினே எதுக்கும்மா எழுதி வெச்சீங்க?"

டெலிபோன் வேலை

பட்டரவாக்கத்துக்குத் திரும்பியதும் முதல் பெட்டியைத் தூக்கினேன். படிவமும் நிரப்பவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. இப்போது பக்கத்தில் ஒரே பெட்டி, சரியான ப்ரோகிராம். நிறுத்துவதும் மணி அடிப்பதும் அதற்குள்ளேயே. அதன் மேலே என் பழைய வாக்கியம், சுருக்காமல். பிறகு கிளவுஸை சம்பத் சாரின் மேசையில் வைத்தேன். இந்த முறை அவர் எதையும் விளக்கவில்லை. ஃபங்ஷனையே தானாக நிற்கும்படி மாற்ற முடியாதா என்று கேட்டேன். மாற்றினால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பல ப்ரோகிராம்கள் படுத்துவிடும் என்றார். அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பக்கத்தை யாரெல்லாம் பயன்படுத்தியிருக்கலாம் என்று உமாபதி எடுத்த பட்டியலில் பாதியை, கேட்காமலே வாங்கிக்கொண்டார்.

மூன்று பேரும் இரண்டு நாள் போன் மேல் போன். முதல் பெட்டியை எடுத்திருந்த இன்னும் சிலருக்கு ப்ரோகிராமை மாற்றிக் கொடுத்தோம். யாருக்கும் எதுவும் ஆகியிருக்கவில்லை. சம்பத் சார் வாடிக்கையாளரோடு பேசி நான் பார்த்ததே இல்லை. "எங்க டாக்குமெண்ட்ல அந்தப் பக்கத்தப் படிச்சீங்களா?" என்று ஸ்பீக்கரில் ஆரம்பித்தார். பல வருடமாக எங்கள் கண்ட்ரோலரை வைத்திருக்கிற ஆவடிக்காரர் ஒருவர் ஆச்சரியமாகக் கேட்டார்: "டாக்குமெண்டா? உங்கள்ட்ட அப்டி ஒண்ணு கீதா சார்?"

ஒரு புகார்

ஒரு மாதம் கழித்து ஏழுமலையிடமிருந்து போன். உமாபதி என்னை ஒரு மாதிரி பார்த்தான். கோமளாவுக்கு என்ன என்று கேட்டுக்கொண்டேதான் போனைப் பிடுங்கினேன். கோமளா நன்றாகத்தான் இருக்கிறார். மிஷின்தான் சரியில்லையாம்.

அடிக்கடி நின்றுவிடுகிறதாம். நின்றுவிட்டு மணி வேறு அடிக்கிறதாம். வேலை ஓடவில்லையாம். பழைய ப்ரோகிராமில் இந்தத் தொல்லையே இல்லையாம். எப்போது நிற்கிறது என்று கேட்டேன். கோமளா பாக்கெட்டை நேராக்கிக்கொண்டு கையை உள்ளேயே வைத்திருக்கும்போது என்றார். கண்ணை மூடிக்கொண்டு, இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து சேர்த்துவைத்த பொறுமை முழுவதையும் கூட்டி, "அப்படின்னா சரியாத்தான் வேலை செய்யுது ஏழுமலை" என்றேன். அவர் சந்தேகத்தோடு கேட்டார்: "அப்டின்னு எங்க மேடம் எழுதி கீது?"

எழுதியிருக்கிறது ஏழுமலை, நீங்கள் அமுக்குகிற அந்தப் பட்டனுக்கு நேர் மேலே, யாரும் படிக்காத ஓர் அழகான வாக்கியத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. கோமளாவின் விரல் பத்தும் பத்திரமாக இருக்கிறவரை நீங்கள் அதைப் படிக்காமலேயே மாதம் ஒரு புகார் சொல்லுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்.